பிள்ளையளின்ர காதுக்கு நாங்கள் என்ன குடுக்கிறம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம் இருக்கிற ஒரு தாய். மூண்டு பிள்ளையள், மூத்தவன் இந்தமுறை அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை எழுதப்போறான், நடுவிலாள் மூண்டாம் வகுப்பு, கடைசிக்கு இன்னும் நாலு வயசு முடியேல்ல. உங்கட பேப்பரில வாற கடிதங்களில றோட்டு, குப்பை, பஸ், கிணத்துத் தண்ணி எண்டு எல்லாத்தப் பற்றியும் எழுதினம், அதுகளும் வேணும்தான், நானும் விடாமல் வாசிக்கிறனான். ஆனா பிள்ளையளுக்கு வேண்டிக் குடுக்கிற மியூசிக் சாமானுகளப் பற்றியும், இரவில படுக்கேக்க வாசிச்சுக் காட்டுற கதைப் புத்தகங்களப் பற்றியும் ஒருத்தரும் எழுதி நான் காணேல்ல. ரெண்டும் காசு குடுத்து வேண்டுறது, ரெண்டும் பிள்ளையின்ர காதுக்குள்ள போறது, ரெண்டையும் நாங்கள் ஒண்டும் பாக்காமல் வேண்டுறம். அதுதான் என்ர முறைப்பாடு. கொஞ்சம் நீளும், குறை நினைக்காதேங்கோ.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கடை போடுவினம் தானே, அங்கயும் சரி ரவுண் கடையளிலயும் சரி, பிள்ளையளின்ர மியூசிக் சாமான் எண்டு இப்ப தூக்கித் தாறதில முக்காவாசி ஒரு பட்டன அமத்தினாத் தானாப் பாடுற சாமான்தான். பிள்ளைக்கு அதில இருக்கிற வேலை அமத்திறது மட்டும். மிச்சம் எல்லாத்தையும் உள்ளுக்க இருக்கிற சிப் பாத்துக்கொள்ளும். பாடுறதும் எங்கட பாட்டில்லை, இங்கிலீசில ஒண்டு ரெண்டு, ஹிந்தியில ஒண்டு, மிச்சம் என்ன பாஷையெண்டே விளங்காது. ஆடிக்கூழ் காச்சுற அண்டைக்கு எங்கட பிள்ளையள் பாடுற நவாலியூர் சோமசுந்தரப் புலவற்ற ஆடிப்பிறப்புப் பாட்டு ஒரு சாமானிலயாவது வந்திருக்கோ? நான் கேட்ட கடை ஒண்டிலயும் இல்லை.

இதுகள மியூசிக் சாமான் எண்டு சொல்லுறத நான் ஒத்துக்கொள்ள மாட்டன். பிள்ளை மெதுவாத் தட்டினா மெதுவாச் சத்தம் வரவேணும், இறுக்கித் தட்டினா இறுக்கமா வரவேணும், தட்டாமல் விட்டாப் பேசாமல் கிடக்கவேணும், அப்பிடி இருந்தாத்தான் அது பிள்ளையின்ர மியூசிக். பட்டன் சாமான் பிள்ளை எப்பிடி அமத்தினாலும் ஒரே சத்தத்தில ஒரே பாட்டத்தான் பாடும், பிள்ளை அங்கால எழும்பிப் போனாப் பிறகும் பாடிக்கொண்டு கிடக்கும். என்ர கடைசி அத அமத்திப்போட்டு வாயப் பாத்துக்கொண்டு இருப்பாள், கையும் ஆடாது காலும் ஆடாது. அதே பிள்ளையிட்ட ஒரு சிரட்டையும் ஒரு அகப்பைக் காம்பும் குடுத்தா அரை மணித்தியாலத்துக்கு எழும்ப மாட்டாள், கவிட்டு வச்சு அடிச்சா ஒரு சத்தம், நிமித்தி வச்சு அடிச்சா வேற சத்தம் எண்டத அவளே கண்டுபிடிச்சு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினவள்.

கீபோர்ட் எண்டு வாற சாமானப் பற்றிச் சொல்லத்தான் வேணும். நடுவிலாளுக்குப் பிறந்தநாளுக்கு வந்தது ஒண்டு, வெள்ளைக் கட்டை எட்டு, கறுப்புக் கட்டை அஞ்சு, தூரத்தில வச்சுப் பாத்தா வலு வடிவு. கிட்டப் பாத்தாத்தான் தெரியும் அந்தக் கறுப்புக் கட்டை கட்டையே இல்லை, பிளாஸ்ரிக்குக்கு மேல கறுப்புப் பெயின்ற் அடிச்சு விட்டிருக்கு, அமத்த ஏலாது. அவள் ஞாயிற்றுக்கிழமையில சங்கீதம் பழகப் போறவள். எங்கட பிள்ளையள் முதல் முதல் சரளி வரிசை படிக்கிறது மாயாமாளவகௌளையில, முதலாவது வெள்ளைக் கட்டைய ச எண்டு வச்சா அந்த ராகத்தின்ர ரி யும் த வும் கறுப்புக் கட்டையிலதான் கிடக்கு. வெள்ளைக் கட்டையள மட்டும் வரிசையா வாசிச்சா வாறது சங்கராபரணம் எண்ட வேற ராகம். அப்ப என்ர பிள்ளை ரீச்சரிட்டப் படிச்ச பாடத்த வீட்டில வாசிச்சுப் பாக்கவேணும் எண்டு ஆசையா வந்து குந்தினா ரி யக் காணேல்ல, காது சொல்லுது இது இல்லை எண்டு, விரல் அந்தப் பெயின்ற்றக் குத்திக் குத்திப் பாக்குது. என்னை நிமிந்து பாத்து "அம்மா இதில ரி வைக்க மறந்திட்டினம்" எண்டாள். இப்பிடி ஒரு சாமானச் செய்து விக்கிறவையில எனக்குச் சரியான கோவம். 13 கட்டையும் உண்மையாச் சத்தம் போடாட்டி அந்தச் சாமானப் பிள்ளைக்கு வேண்டாதேங்கோ. கடையிலயே பெட்டிய உடைச்சுக் காட்டச் சொல்லுங்கோ, கறுப்புக் கட்டைய அமத்திப் பாருங்கோ, கீழ் ச வையும் மேல் ச வையும் ஒண்டாப் பிடிச்சுப் பாருங்கோ, ரெண்டும் சேராட்டி "வேண்டாம் தம்பி" எண்டு திருப்பிக் குடுங்கோ. சின்னப் பிள்ளைதானே சுருதி என்னத்துக்கு எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், சின்னப் பிள்ளையின்ர காதிலதான் சுருதி ஏறும், பேந்து எவ்வளவு காசு குடுத்துப் பழக்கினாலும் அது கஷ்டம். தெட்சணாமூர்த்தியின்ர தவிலக் கேட்ட ஊர் இது, இணுவில் அளவெட்டிப் பக்கம் போனா மேளகாரர் வீட்டுப் பிள்ளையள் சாப்பாட்டு மேசையிலயே சரியாக் கணக்குப் பிடிச்சுத் தட்டுங்கள், அதுகளுக்கு ஆரும் பட்டன் சாமான் வேண்டிக் குடுக்கேல்ல.

சத்தம் அடுத்த பிரச்சினை. அமெரிக்காவில விளையாட்டுச் சாமான்களுக்கு எண்டு இருக்கிற பாதுகாப்புத் தரத்தில, கையில வச்சு விளையாடுற சாமானில தொடர்ந்து வாற சத்தம் 50 சென்ரிமீற்றர் தூரத்தில 85 டெசிபலத் தாண்டக்கூடாது எண்டு இருக்கு, காதோட வச்சுக் கேக்கிற சாமானுக்கு 65. ஆனா மூண்டு வயசுப் பிள்ளை அரை மீற்றர் தள்ளி வச்சுக்கொண்டே விளையாடுது? கன்னத்தோட அணைச்சுக்கொண்டு எல்லோ திரியுது. தூரம் பாதியாகப் பாதியாகக் கிட்டத்தட்ட 6 டெசிபல் கூடும், அப்ப அரை மீற்றரில 85 எண்டு பாஸ் பண்ணின சாமான் காதுக்கு 12 சென்ரிமீற்றர் கிட்ட வரேக்க 97 இல நிக்கும். உலக சுகாதார ஸ்தாபனம் பிள்ளையள் ஹெட்போனில பாட்டுக் கேக்கிறதுக்குச் சொல்லுற அளவு 75 டெசிபல், அதுவும் கிழமைக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல இல்லாமல். இஞ்ச விக்கிற கனக்க சாமானில சத்தம் குறைக்கிற பட்டனே இல்லை. வீட்டில ஏற்கெனவே கிடக்குதெண்டா ஸ்பீக்கர் ஓட்டையளுக்கு மேல செலோரேப்ப மூண்டு நாலு படை ஒட்டிவிடுங்கோ, நல்லாக் குறையும்.

இன்னொண்டையும் கட்டாயம் சொல்லவேணும், அந்தப் பொத்தான் பட்டரி. பாடுற புத்தகம், பாடுற பிறந்தநாள் கார்ட், சின்னச் சின்னப் பொம்மையள் எல்லாத்திலயும் இருக்கிறது. பிள்ளை அத முழுங்கித் தொண்டைக் குழாயில மாட்டுப்பட்டா 2 மணித்தியாலத்துக்குள்ளயே உள்ளுக்க எரிச்சுப் புண்ணாக்கிப் போடும். மூடிக்கு ஸ்குரூ இல்லாத சாமானக் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொண்டு போகாதேங்கோ. முழுங்கிட்டுது எண்டு சந்தேகம் வந்தாலே போதும், சத்தி எடுக்க வைக்க வேண்டாம், சாப்பாடும் குடுக்க வேண்டாம், உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ஒரு வயசு தாண்டின பிள்ளையெண்டா போற வழியில தேன் குடுக்கலாம் எண்டு டொக்டர்மார் சொல்லினம், ஆனா தேன் தேடிக்கொண்டு வீட்டில நிண்டு சுணங்கக்கூடாது.

நல்ல சாமான் எது எண்டு கேட்டா, எங்கட ஊரிலயே கிடக்கு. பூவரசம் இலையச் சுருட்டிப் பீப்பீ ஊதுறது, கோயில் வாசலில விக்கிற மூங்கில் குழல், பஜனைக்குப் போடுற கைத்தாளம், இதுகளுக்கு முன்னால அந்தப் பட்டன் பொம்மை நிக்க ஏலாது. எல்லாத்தையும் விட நான் பெரிசாச் சொல்லுறது விண், அதாவது காத்துப் பட்டாக் கூவுற வில்லு, பூட்டின பட்டம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போனாக்களுக்குத் தெரியும் அந்தச் சத்தம். போன தைக்கு இவரும் மூத்தவனும் சேந்து வீட்டு விறாந்தையில இருந்து ஒண்டு கட்டினவை, கமுகஞ் சிலாகைய வளைச்சு, பார்சல் கட்டுற நாடாவச் சுரண்டி மெல்லிசாக்கி இழுத்துக் கட்டி, கையில பிடிச்சுச் சுழட்டிப் பாத்து, கூவாட்டித் திரும்ப அவிட்டு இறுக்கி, ஒரு பின்னேரம் முழுக்க அதுதான் வேலை. நாடாவ இறுக்க இறுக்கச் சத்தம் மேல போகுது, தளத்தினாக் கீழ இறங்குது எண்டு அவன் தானாச் சொல்லிக்கொண்டு இருந்தான். வீணைக்கும் வயலினுக்கும் அதே சங்கதிதான். ரியூசனில அத ஒரு பக்கம் நோட்ஸ் ஆக எழுதிக் குடுப்பினம்.

இப்ப கதைப் புத்தகத்துக்கு வாறன். நான் வளந்தது சண்டைக் காலம், கறண்ட் இல்லை, பட்டரிக்கும் தடை, சைக்கிளக் கவிட்டு வச்சு டைனமோவச் சுத்தித்தான் ஆக்கள் றேடியோ கேட்டவை. ஜாம் போத்தல் விளக்கில அம்மா கதை சொல்லுவா, ஒரே கதைய இழுத்து இழுத்துக் கிழமைக் கணக்காச் சொல்லுவா, நாளைக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சுக்கொண்டே நாங்கள் நித்திரையாப் போவம். அதால எனக்குப் படுக்கைக் கதையெண்டா அது நீண்டு போற கதையா இருக்கவேணும், பிள்ளையளுக்கு எண்டு எழுதின நாவலா இருக்கவேணும், ஒரு பக்கத்தில தொடங்கி மற்றப் பக்கத்தில முடியிற துண்டுக் கதை சரிவராது.

அப்பிடி ஒண்டத் தேடிப்போனாத்தான் தெரியும் எங்கட நிலமை. மூண்டு நாலு வயசுக்குப் படப் புத்தகம் இப்ப பரவாயில்லை, பிரதம் புக்ஸ்காரற்ற ஸ்ரோரிவீவர் எண்ட இணையத்தளத்தில தமிழிலயும் நிறைய இருக்கு, காசில்லாமல் இறக்கிப் பிறின்ற் எடுக்கலாம். ஏழிலயிருந்து பதினொரு வயசுக்குத்தான் ஒண்டும் இல்லை. கடையில கேட்டா நீதிக் கதைக் கொத்துத் தருவினம், முடிவில கொட்டை எழுத்தில "நீதி" எண்டு போட்டிருக்கும், நடுவிலாள் அந்த இடம் வந்தவுடன மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திடுவாள். பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்திலயும் வீட்டிலயும் புத்திமதி கேட்ட பிள்ளைக்குப் படுக்கையிலயும் புத்திமதியோ? இல்லாட்டி பெரியாக்களின்ர சரித்திர நாவலச் சுருக்கினது தருவினம், அதில வாற அரசர்மாரின்ர பேர வாசிச்சு முடியிறதுக்குள்ள பிள்ளை நித்திரை. இங்கிலீசில இருந்து மொழிபெயர்த்தது கொஞ்சம் இருக்கு, கதை நல்லாத்தான் இருக்கும், ஆனா வசனம் வாய்க்குள்ள நுழையாது, மூச்சு முட்டும். சென்னையில வாற சிறுவர் நாவலுகள் சிலது உண்மையாவே நல்லம், நாங்கள் விரும்பி வாசிச்சம், ஆனா அந்தப் பிள்ளையள் மெற்றோ ரயிலில போகுதுகள், என்ர பிள்ளையள் யாழ்தேவியில ஒருக்காப் போனதையே வருசக்கணக்காச் சொல்லுதுகள். எங்கட ஒழுங்கையும் எங்கட பனங்காணியும் எங்கட பள்ளிக்கூட இன்ரவெல்லும் வாற ஒரு நாவல் எங்க? இருக்கிறதுகள் பதிப்பே இல்லாமல் கிடக்கு, இணையத்தில நூலகம் தளத்தில ஸ்கான் பண்ணி வச்சிருக்கிறபடியால் சிலதையாவது காணக் கிடைக்குது, அந்த வேலையச் செய்யிறவைக்குக் கோடி புண்ணியம்.

புத்தகக் கடையில நான் செய்யிறது ஒண்டுதான், முதல் பக்கத்த அங்கயே நிண்டு வாய்விட்டு வாசிப்பன். ஆக்கள் பாப்பினம், பாக்கட்டும். நாக்கு தடக்கினா வேண்ட மாட்டன். எழுதுறாக்கள் தாங்கள் எழுதினத ஒருக்காலும் வாய்விட்டு வாசிச்சுப் பாக்கிறேல்லையோ எண்டு கேக்கத் தோணுது, ஒரு வசனம் நாலு வரிக்கு ஓடி வினை கடைசியிலதான் வந்து நிக்கும், அதுக்குள்ள பிள்ளை ஆர் செய்தது எண்டத விட்டிடும். கதைக்கிற இடங்களில புத்தகத் தமிழில "நான் வருகிறேன்" எண்டு இருந்தா நான் "வாறன்" எண்டுதான் வாசிப்பன், பத்து வயசுப் பெடியன் கூட்டாளியோட அப்பிடித்தானே கதைப்பான். இப்ப நடுவிலாளுக்கு எழுத்து வடிவாத் தெரியும், நுளம்பு வலைக்குள்ள என்ர தோளில சாஞ்சுகொண்டு விரல வச்சுப் பாத்துக்கொண்டே வருவாள், "அம்மா அதில அப்பிடி எழுதேல்ல, நீங்கள் மாத்தி வாசிக்கிறீங்கள்" எண்டு பிடிச்சிடுவாள். பேந்து அவளே வாங்கி எழுதியிருக்கிறபடி ஒருக்கா வாசிச்சுக் காட்டுவாள். அவளுக்கு வாசிப்பு வந்தது இப்பிடித்தான், பாஸ்ற் பேப்பர் செய்து வந்ததில்லை.

அத்தியாயம் பத்து நிமிசத்துக்கு மேல போகக்கூடாது. முடியேக்க அடுத்த நாளுக்கு ஒரு ஆவல் இருக்கவேணும், ஆனா பயம் இருக்கக்கூடாது, சிலர் பிள்ளையளின்ர நாவலிலயும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் பேயிலயும் கொலையிலயும் கொண்டுபோய் நிப்பாட்டினம், அத வாசிச்ச அண்டைக்கு விடிய விடிய லைற் நூக்க விடாதுகள். ஒரு ஆட்டுக்குட்டி துலைஞ்சு போனாப் போதும், அதத் தேடிப் பிள்ளையள் ஒரு கிழமைக்கு எங்களோட வருங்கள். சண்டைக் காலத்துக் கதையள் எங்கட பிள்ளையளுக்குத் தெரியத்தான் வேணும், நான் மறைக்கிறேல்ல, ஆனா அது பகலில பக்கத்தில இருத்திவச்சுக் கேள்விக்கு மறுமொழி சொல்லிச் சொல்லி வாசிக்கவேண்டியது, இருட்டுக்குள்ள நித்திரைக்குப் போகேக்க இல்லை.

போனில யூரியூப்பில கதை போட்டுவிட்டாச் சரிதானே எண்டு என்னட்டக் கனபேர் கேட்டிட்டினம். சரியில்லை. பிள்ளை நடுவில "அது ஏன் அம்மா" எண்டு கேட்டா அது நிக்காது, அழுதாலும் நிக்காது, முடிஞ்சவுடன அடுத்தது தானா ஓடும், பட்டன் பொம்மையின்ர அதே பழக்கம். ஆனா போனையே கூடாது எண்டும் நான் சொல்ல மாட்டன். என்ர மாமி, எழுவது தாண்டினவ, கனடாவில இருக்கிற பேரப்பிள்ளையளுக்கு வைபரில கதை சொல்லுறவ. கோடை காலத்தில அங்க இரவு 8 மணி எண்டா இஞ்ச விடிய அஞ்சரை. எழும்பி முகம் கழுவி, தேத்தண்ணியும் கையுமா முத்தத்துக் கதிரையில இருந்து தொடங்குவா, அதுகள் அங்க போர்வைக்குள்ள கிடந்து "பிறகு என்ன அம்மம்மா" எண்டு கேக்குங்கள், இவ நேற்று விட்ட இடத்த மறந்தா அதுகள் எடுத்துக் குடுக்குங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையள், அந்தக் கதையாலதான் இண்டைக்கும் தமிழ் கதைக்குதுகள்.

வீட்டுக்கு வாற சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரு கேள்வி இருக்கு, புலமைப்பரிசில் எழுதப்போற பிள்ளைக்கு இரவில என்ன கதைப் புத்தகம் எண்டு. 6 வயசிலயிருந்து 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9 தொடக்கம் 12 மணித்தியாலம் நித்திரை வேணும் எண்டு நித்திரையப் பற்றி ஆராயிற டொக்டர்மார் சொல்லினம். விடிய ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவு மாதிரி வினாத்தாள், இதுக்குள்ள அந்த 9 எங்க இருக்கு? மூத்தவனுக்கு நான் ஒம்பது மணிக்குக் கொப்பியளப் பூட்டி வச்சிட்டு ஒரு அத்தியாயம் வாசிக்கிறனான், சோதினை வந்தாலும் வாசிப்பன். தலைக்குள்ள ஓடுற கணக்கெல்லாம் அடங்கித்தான் படுக்கிறான். ரிசல்ட் எப்பிடி வந்தாலும் நான் இதில மனம் மாற மாட்டன்.

1981 இல எரிச்ச எங்கட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில 97,000 புத்தகம் கிடந்தது எண்டு இண்டைக்கும் நெஞ்சு வெந்து சொல்லுறம், சொல்லத்தான் வேணும். அதே நாங்கள் பிறந்தநாள் வீட்டுக்குப் போகேக்க ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாக்குக் கத்துற பொம்மை வேண்டுறம், ஐந்நூறு ரூபாக்கு ஒரு கதைப் புத்தகம் வேண்ட யோசிக்கிறம். பொது நூலகத்தில சிறுவர் பகுதி இருக்கு, சனி ஞாயிறில பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போங்கோ, அங்க அதுகள் தாங்களாத் தெரிவு செய்யட்டும், நீங்கள் இதை எடு அதை எடு எண்டு நிக்காதேங்கோ.

கடைசியா ஐயா, உங்களிட்ட நேரா ஒரு கேள்வி. உங்கட வார இறுதிப் பேப்பரில சினிமாவுக்கு எத்தினை பக்கம், சோதிடத்துக்கு எத்தினை பக்கம் போகுது. சிறுவர் பக்கம் எண்டு வாறதில ஒரு நிறம் தீட்டுற படமும் ரெண்டு பொது அறிவுக் கேள்வியும்தான். அதில ஒரு தொடர்கதை போடுங்கோ, எட்டுப் பத்து வயசுப் பிள்ளையளுக்கு, கிழமைக்கு ஒரு அத்தியாயம், எழுநூறு எண்ணூறு சொல்லுக்குள்ள. இஞ்ச யாழ்ப்பாணத்திலயும் வன்னியிலயும் மன்னாரிலயும் நல்லா எழுதக்கூடிய ரீச்சர்மார் இருக்கினம், அவையளிட்டக் கேளுங்கோ. முடிவில நீதி போட வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. எழுத்த இப்ப நீங்கள் போடுறதிலும் பாக்கக் கொஞ்சம் பெரிசாப் போட்டா லாம்பு வெளிச்சத்திலயும் வாசிக்கலாம், வெட்டிக் கொப்பியில ஒட்டுறதுக்கு ஏத்த மாதிரிப் பக்கத்தின்ர ஒரு ஓரத்தில வந்தா இன்னும் நல்லம். எந்தக் கிழமை தொடங்கும் எண்டு முன்கூட்டி அறிவியுங்கோ, எங்கட ஒழுங்கையில இருக்கிற தாய்மார் எல்லாருக்கும் நான் சொல்லிவிடுறன்.

இப்படிக்கு,
மூண்டு பிள்ளையளின்ர தாய்,
கோண்டாவில்.